மடித்தால் ஒடியும் நூல்களைக் காக்கும் வழியைச் சோதிக்க நிதி தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடிப் பகுதிப் படிப்பகங்களில் இருக்கும் பழைய தமிழ் நூல்களைக் காப்பதற்காகக் கூடியிருக்கும் குழு நாங்கள். புது நூல்களோ அலமாரியோ வாங்குவதற்காக இந்த வேண்டுகோளை எழுதவில்லை. ஒரு சோதனைக்காகப் பணம் கேட்கிறோம். அது ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1930களிலும் 40களிலும் வந்த நூல் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். பல நூல்களில் இரண்டாவது மடிப்பிலேயே மூலை அப்பளம் போல ஒடிந்து கையோடு வந்துவிடும். கரையான் தொட்டிருக்காது, மழையும் பட்டிருக்காது. கேடு தாளுக்குள்ளேயே இருக்கிறது. கந்தல் துணியில் காகிதம் செய்துவந்த ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழுக்கு மாறின. மை ஊறிப் பரவாமல் இருக்கப் பைன் மரப் பிசினோடு படிகார வகை உப்பைச் சேர்த்தார்கள். காற்றின் ஈரம் பட்டால் அந்த உப்பு அமிலத்தைத் தருகிறது. அமிலம் தாளின் நாரைச் சிறுகச் சிறுக அறுக்கிறது. சாணித்தாள் என்றால் நிலைமை இன்னும் மோசம். மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கிவிடுவதால் வெளிச்சம் பட்டாலே பழுப்பேறும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. ஆண்டு முழுவதும் வெக்கை, கடலோர ஈரம். எண்ணூர், மணலிப் பக்கம் எரிபொருள் எரியும் இடங்களிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடைத் தாள் உறிஞ்சிக்கொண்டால் அதுவும் உள்ளே கந்தக அமிலமாகிறது. வசம்பும் நாப்தலின் உருண்டையும் பூச்சியைத்தான் விரட்டும், இந்த அமிலத்தை ஒன்றும் செய்யாது.

போகப்போவது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுன் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இருக்கிற தாள்களிலேயே மலிவான தாளில் அச்சானவை. 1918இல் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த காலத்திலிருந்து இந்தப் பகுதியில் புழங்கிய துண்டு வெளியீடுகள், சங்க அறிக்கைகள், நாடக நோட்டீசுகள் எல்லாமே அப்படித்தான். பணக்காரர் வீட்டு நூல் நல்ல தாளில் வந்தது, உழைக்கிறவர் படித்தது சாணித்தாளில் வந்தது. முதலில் அழிவதும் அதுதான். வடசென்னையின் வரலாறு அந்தத் தாளில் இருக்கிறது என்பதே எங்கள் கவலை.

ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் விரித்தால் முதுகோடு பிளக்கும் நூலை எப்படி ஸ்கேன் செய்வது? தாளுக்குக் கொஞ்சமாவது தெம்பு இருந்தால்தான் அதுவும் நடக்கும். மூலமே கையில் இருக்க வேண்டிய தேவையும் தீராது.

தாளின் அமிலத்தை முறிக்க உலகில் பல வழிகள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பேரோ என்பவர் 1900 முதல் 1949 வரை வெளிவந்த 500 நூல்களைச் சோதித்து, மிகப் பெரும்பாலானவை அடுத்த ஐம்பது ஆண்டுகளைத் தாண்டாது என்று 1950களின் இறுதியில் சொன்னார். சுண்ணாம்புத் தெளிநீர், கால்சியம் பைகார்பனேட் கரைசல் இரண்டிலும் தாளை அடுத்தடுத்து நனைக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. மக்னீசியம் ஹைட்ராக்சைடைச் சோடா நீரில் கரைத்துக் கிடைக்கும் மக்னீசியம் பைகார்பனேட் கரைசல் இன்னொரு வழி. உலர்ந்த பிறகு தாளில் கார உப்பு தங்கி, இனி வரும் அமிலத்தையும் தாங்கிக்கொள்ளும். நூலைப் பிரிக்காமல், நீரும் படாமல், மிக நுண்ணிய மக்னீசியம் ஆக்சைடு பொடியைத் தாளில் படியவைக்கும் முறையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1990களில் பயன்படுத்தத் தொடங்கியது. அதே நூலகம் அதற்கு முன் டைஎத்தில் துத்தநாக ஆவியை முயன்றபோது, 1985 டிசம்பரில் சோதனை ஆலையில் தீப்பிடித்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே சோதித்துத்தான் கற்க வேண்டியிருந்தது.

எங்கள் சந்தேகங்கள் நம் நூல்களைப் பற்றியவை. அச்சு மை நீரில் கரையாது, சரி. ஆனால் படிப்பகத்தின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப்பும், நூலைக் கொடுத்தவர் நீல மையில் போட்ட கையெழுத்தும் கரைந்து பரவும். அந்தக் கையெழுத்தும் வரலாறுதான். காரம் மிகுந்தால் சாணித்தாள் மேலும் கருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைத்த தாள் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். இவற்றுக்கு வெளிநாட்டு நூல்களில் நமக்கான விடை இல்லை. ஒரு முறை நனைத்த தாளை நனையாததாக்கவும் முடியாது. அதனால்தான் அரிய பிரதி எதையும் தொடுவதற்கு முன் கழித்துக்கட்டிய பிரதிகளில் சோதிக்க விரும்புகிறோம்.

ஒரே நூலின் தாள்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு பங்கை ஒன்றும் செய்யாமல் வைப்போம். மற்றவற்றில் சுண்ணாம்பு நீர், மக்னீசியம் கரைசல், மக்னீசியம் ஆக்சைடு என ஒவ்வொன்றையும், கடைசிப் பங்கில் அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வெறுமனே வைப்பதையும் முயல்வோம். பிறகு எல்லாவற்றையும் 80 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஆய்வக அடுப்பில் வாரக்கணக்கில் வைத்து முதுமையை விரைவுபடுத்துவோம். முன்னும் பின்னும் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு, நிறம், எத்தனை மடிப்பு தாங்குகிறது என்பதை அளப்போம். இத்தனை வாரம் இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எது எதைவிட மேல் என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டும், எங்களுக்கு அதுவே போதும். விலை குறைந்த பெட்டி முறையே நல்லது என்று தெரியவந்தாலும் அது வெற்றிதான். எந்த முறை தோற்றாலும் அதையும் வெளியிடுவோம், அடுத்த படிப்பகம் அதில் பணத்தை இறைக்க வேண்டாம்.

தேவை 2,80,000 ரூபாய். பாதிக்கு மேல் ஆய்வகக் கட்டணத்துக்குப் போகும். மக்னீசியம் ஆக்சைடு பொடி கலந்த திரவத்துக்கும், கிழிசலை ஒட்ட உதவும் மெல்லிய ஜப்பானியத் தாளுக்கும் அடுத்த பெரிய செலவு. சுண்ணாம்புக்கும் சோடாவுக்கும் ஆகும் செலவு சொற்பம். குழுவினர் யாரும் ஊதியம் வாங்கவில்லை.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாதவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும், அட்டை போன, பாதி கிழிந்த பழைய தமிழ் நூல்களைக் கொடுங்கள். 1960க்கு முந்தையவை மிகவும் உதவும். வெட்டிச் சோதிக்கப்போகிறோம் என்பதைச் சொல்லியே வாங்குவோம். வேறெங்கும் இல்லாத பிரதி என்று தெரிந்தால் வெட்டாமல் உங்களைக் கேட்டுப் படிப்பகத்திலேயே வைப்போம். வேதியியல் படித்தவர்கள், பைண்டிங் வேலை தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் தர முடிந்தவர்களும் வாருங்கள்.

நன்கொடையைப் படிப்பகத்தில் மாலை வேளையில் நேரில் கொடுத்து எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், சோதனை முடிவுகளும் அங்கேயே வரும். பணம் மிஞ்சினால் தேர்வாகும் முறையில் முதல் நூல்களைச் செப்பனிட அது பயன்படும்.

இப்படிக்கு,
நூல் பாதுகாப்புக் குழுவினர்