மொம்பாசாவை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்: ஆப்பிரிக்கச் சுற்றுலா நடத்தும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து கென்யாவுக்குக் குழுப்பயணம் அழைத்துச் செல்லும் நிறுவனங்களின் துண்டறிக்கைகளைச் சில ஆண்டுகளாக ஆர்வத்துடன் படித்துவருகிறேன். நைரோபியில் இறங்குவது, மசாய் மாரா, நகுரு, அம்போசெலி என்று வனவிலங்குப் பூங்காக்களில் வண்டியிலேயே நாள்களைக் கழிப்பது, கடைசி நாள் பொருள் வாங்கக் கடைவீதி, அன்றிரவே விமானம் என்ற வரிசை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. மொம்பாசாவின் பெயர் எப்போதாவது வந்தாலும், "கடற்கரை விடுதியில் ஓய்வு" என்ற ஒரே வரியோடு அது முடிந்துவிடுகிறது. பல நூற்றாண்டுக் கடல் வணிகத்தைப் பார்த்த ஒரு துறைமுக நகரத்தை நீச்சல்குளத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பயணத்தை மொம்பாசாவில் தொடங்குங்கள், பழைய நகரத்துக்கு முழுதாக இரண்டு நாள் கொடுங்கள், பிறகு அங்கிருந்து சாவோ காட்டுக்குள் அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். நகரமும் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. யானைத் தந்தம், ரயில்பாதை, குடிநீர் என்று மூன்று வழிகளில் அந்த நகரமும் அந்தக் காடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நகரத்தை முதலில் பார்த்தவருக்குக் காட்டில் தெரிவது, நேரே காட்டுக்குள் இறக்கிவிடப்பட்டவருக்குத் தெரியாது.

இயேசு கோட்டையிலிருந்தே தொடங்கலாம். 1593இல் போர்ச்சுக்கீசியர் கட்டத் தொடங்கிய இந்தப் பவளக்கல் கோட்டைக்கு வரைபடம் போட்டவர், கீழைநாடுகளில் அவர்களுடைய கோட்டைப் பணிகளைக் கவனித்துவந்த ஜோவான்னி பட்டிஸ்டா கைராத்தி என்ற இத்தாலியர். 1696இல் ஓமானியர் இதை முற்றுகையிட்டபோது, கோவாவிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்ட 'சாந்தோ அந்தோனியோ தெ தன்னா' என்ற போர்க்கப்பல், மறு ஆண்டு கோட்டைக்கு எதிரிலேயே மூழ்கிப்போனது. அந்தக் கப்பல் கட்டப்பட்டது மும்பைக்கு வடக்கே உள்ள வசாயில். அதிலிருந்து மீட்கப்பட்ட பொருள்கள் இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு சுவர். காவலுக்கு நின்ற வீரர்கள் கரியாலும் காவி நிறத்தாலும் அதில் கப்பல்களையும் மனிதர்களையும் மீன்களையும் கிறுக்கியிருக்கிறார்கள். வேலை ஓடாத பகல்பொழுதுகளின் சலிப்பு அந்தக் கோடுகளில் அப்படியே தெரிகிறது. 1698 இறுதியில் கோட்டை ஓமானியர் கைக்குப் போனது. ஆங்கிலேயர் காலத்தில் சிறைச்சாலையாக இருந்தது. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இவ்வளவையும் கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணியில் காட்டி முடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே தொடங்குகின்றன பழைய நகரத்தின் சந்துகள். செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மரக்கதவுகளும், தெருவின் மேல் நீண்டிருக்கும் மாடங்களும், 1570ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் மந்த்ரி பள்ளிவாசலும் நடந்து பார்க்க வேண்டியவை. பேருந்து சன்னல் வழியாகப் பார்க்க முடியாதவை. சமையல்காரரை உடன் அழைத்துச் செல்வதை நீங்கள் பெருமையாக விளம்பரம் செய்கிறீர்கள். காட்டு விடுதிகளில் அது உதவியும்கூட. ஆனால் மொம்பாசாவில் அவருக்கு விடுமுறை கொடுத்துவிடலாம். குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் என்பதால் சைவ உணவுக்கு அங்கே பஞ்சமில்லை. மாலையில் தெருவோரத்தில் மஞ்சள் நிற மாவில் தோய்த்துப் பொரித்துத் தரும் உருளைக்கிழங்கு நம் பஜ்ஜிக்குப் பங்காளி முறை. கடற்கரைப் பக்கம் போனால் மரவள்ளிக்கிழங்கு வறுவலில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்கள், பக்கத்திலேயே இளநீரும் கிடைக்கிறது.

இனி தந்தத்துக்கு வருகிறேன். மொம்பாசாவின் மொய் நிழற்சாலைக்குக் குறுக்கே நிற்கும் மாபெரும் தந்த வளைவுகளின் கீழே நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை 1950களில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினரை வரவேற்க எழுப்பப்பட்டவை, இப்போது நிற்பவை அலுமினியத்தால் ஆனவை. உண்மையான தந்தம் இந்த ஊர் வழியாகத்தான் கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பா மக்கள் உள்நாட்டிலிருந்து நெடுந்தூரம் நடந்து தந்தத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் பெரும்பங்கு பம்பாய்க்கும் கட்ச்சுக்கும் போயிற்று; மேற்கு இந்தியாவில் மணப்பெண்கள் அணியும் வளையல்களும் அதிலிருந்து செய்யப்பட்டன. யானை வேட்டையைப் பற்றிப் பேசும்போது தந்தம் கேட்டவன் வெள்ளைக்காரன் மட்டுமே என்று நினைத்துக்கொள்ளும் நம் வசதியான பழக்கத்தை இந்தச் செய்தி கொஞ்சம் அசைக்கும். வழிகாட்டி இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பின்னாளில் சாவோவில் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். 1970களின் தொடக்கத்து வறட்சியாலும் பிறகு வந்த கள்ள வேட்டையாலும் அந்த வட்டாரத்தின் யானைகள் 1988இல் ஏறத்தாழ 6,000 என்ற அளவுக்குச் சரிந்தன; 2021 கணக்கெடுப்பில் அது 15,000ஐ நெருங்கியிருந்தது. செம்மண் புழுதியைப் பூசிக்கொண்டு சிவப்பாகவே அலையும் அந்த யானைக் கூட்டத்தைப் பார்க்கும்போது, இது தப்பிப் பிழைத்து மீண்ட கூட்டம் என்பது பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரயில்பாதை இரண்டாவது இழை. 1896இல் மொம்பாசாவில் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டிய அந்தப் பாதைக்காக ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்த முறையில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்துக்கு அருகே இரண்டு சிங்கங்கள் கூடாரங்களிலிருந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்ற கதை உலகப் புகழ் பெற்றது. அவற்றைச் சுட்ட பொறியாளர் பேட்டர்சன் பிற்காலத்தில் பலியானவர்கள் 135 பேர் என்று கணக்குச் சொன்னார்; அவற்றின் எலும்பையும் முடியையும் சோதித்து 2009இல் வெளியான ஆய்வு, சுமார் 35 என்று மதிப்பிடுகிறது. எத்தனை பேராக இருந்தாலும், சாவோவில் பிடரிமயிர் அதிகமில்லாத ஆண் சிங்கத்தைக் காட்டும் ஓட்டுநர் இந்தக் கதையில் பேட்டர்சனோடு நின்றுவிடுகிறார். நம் வழிகாட்டிகளாவது அந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் பேசலாம். மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே 2017 முதல் ஓடும் புதிய ரயிலும் இரண்டு சாவோ பூங்காக்களுக்கும் நடுவேதான் போகிறது. விலங்குகள் கடந்துசெல்லப் பாதைக்கு அடியில் வழிகள் விடப்பட்டுள்ளன. எல்லா ஊர்களிலும் நின்று செல்லும் வண்டியில் ஏறினால் வோய் நிலையத்தில் இறங்கிக் கிழக்குச் சாவோவுக்குள் நுழைந்துவிடலாம். புறப்படும் நிலையத்தில் பெட்டிகளை வரிசையாகத் தரையில் அடுக்கவைத்து மோப்ப நாயை விட்டுச் சோதிப்பார்கள் என்பதால், குழுவை முன்கூட்டியே கூட்டிச் செல்வது நல்லது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குச் சாவோவின் மிசிமா ஊற்றில் நீருக்கடியில் கண்ணாடி வைத்த ஓர் அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மீன்களையும், வாய்ப்பிருந்தால் நீர்யானையின் கால்களையும் பார்க்கலாம். சியூலு மலையின் எரிமலைப் பாறைகளில் வடிகட்டி வரும் அதே நீரைத்தான் 1950களில் போடப்பட்ட குழாய் மொம்பாசாவுக்குக் கொண்டுபோகிறது.

இந்த நாள்களுக்கு எங்கே இடம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. மாராவை விடச் சொல்லவில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை அதற்கு ஈடில்லை. ஆனால் நகுருவைப் பற்றி உண்மை பேசுவோம். 2010க்குப் பிறகு ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து, பூநாரைகள் பெருமளவில் போகோரியா ஏரிப்பக்கம் போய்விட்டன. உங்கள் அட்டைப்படத்தில் மட்டும் அவை இன்னும் கரை முழுவதும் இளஞ்சிவப்பாக நிற்கின்றன. காண்டாமிருகம் பார்க்க நகுரு நல்ல இடம்தான். அதைத் தேர்வாக வைத்துவிட்டு, அந்த நாளையும் கடைவீதி நாளையும் மொம்பாசாவுக்குத் தரலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள நீங்கள் தவறாமல் நினைவூட்டுகிறீர்கள்; அதற்கு நன்றி. அதே அக்கறையோடு மழைக்காலத்தையும் சொல்லுங்கள். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்கள் கென்யாவின் நீண்ட மழைக்காலம். "விடுமுறைச் சலுகை" என்ற பெயரில் அப்போது விற்கப்படும் பயணங்களில் மண்பாதையில் வண்டி சிக்கிக்கொள்வது ஏன் என்று பயணிகளுக்குப் புரிவதில்லை. காலாண்டு விடுமுறையும் ஜனவரியும் வறண்ட மாதங்கள். சாவோவில் விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும் காலமும் அதுதான்.

ஆகவே, அடுத்த அட்டவணையில் மொம்பாசாவில் இரண்டு இரவு, கோட்டைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது, பழைய நகரத்திலேயே வாழும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர், வோய் வரை ரயில், சாவோவில் குறைந்தது இரண்டு இரவு என்ற திட்டத்தை ஒரேயொரு குழுவுக்காவது வைத்துப் பாருங்கள். பள்ளிவாசல்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதி என்பதால் தோளும் முழங்காலும் மறையும் உடை அணியவும், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதிருக்கவும் பயணிகளிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அப்படி ஓர் அறிக்கை வெளிவந்தால், பணம் கட்டும் முதல் வரிசையில் நானும் என் வீட்டாரும் நிற்போம்.

இப்படிக்கு,
உங்கள் துண்டறிக்கைகளை விடாமல் படிக்கும் ஒரு பயணி