டிரம்ப்பின் இயக்கமும் பாசிசமும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிரமமின்றிப் படிக்க முடிகிறது என்று நீங்கள் எழுதியிருந்தது எங்கள் அனைவருக்கும் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு நான் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பிய வரலாற்றையே பெரும்பாலும் படித்து வருகிறேன். ஆகவே, அமெரிக்காவில் டொனால்டு டிரம்ப்பின் பின்னால் திரண்டிருக்கும் இயக்கத்தைப் பாசிசம் என்பது ஹிட்லரிடம் உயிரிழந்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்ற உங்கள் கேள்வியை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒப்பிட வேண்டிய காலம் 1942-இன் ஜெர்மனி அன்று, 1919 முதல் 1924 வரையிலான இத்தாலி என்று கருதுகிறேன். முடிவை மட்டும் அளவுகோலாக வைத்தால், முசோலினியின் முதல் இரண்டு ஆட்சி ஆண்டுகளைக்கூடப் பாசிசம் என்று சொல்ல இயலாது. அப்போது நாடாளுமன்றம் கூடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிகளின் பத்திரிகைகள் வெளிவந்துகொண்டிருந்தன.

1919 மார்ச்சில் மிலானில் முசோலினி தொடங்கிய இயக்கம் அவ்வாண்டுத் தேர்தலில் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. அதை வளர்த்தது வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி. அங்கே விவசாயக் கூலிகளின் சங்கங்களைக் கண்டு அஞ்சிய நிலவுடைமையாளர்கள் முசோலினியின் கருப்புச் சட்டைப் படைகளுக்குப் பணம் கொடுத்தார்கள். அப்படைகள் சங்க அலுவலகங்களை எரித்து, தலைவர்களை அடித்து, வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்கச் செய்தபோது காவல்துறை பல இடங்களில் வேடிக்கை பார்த்தது. 1921 தேர்தலில் முதுபெரும் பிரதமர் ஜியோலிட்டி, அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் பாசிஸ்டுகளைத் தம் கூட்டணியில் சேர்த்துக்கொண்டு 35 இடங்கள் பெற வழி செய்தார். 1922 அக்டோபரில் ரோமை நோக்கி அவர்கள் அணிவகுத்தபோது, பிரதமர் ஃபாக்டா நீட்டிய இராணுவச் சட்ட ஆணையில் மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து ரயிலில் வந்து பிரதமரானார். ரோமைக் கைப்பற்றியதாக அவர்கள் பின்னர் பரப்பிய பெருமைக் கதையைவிட, மன்னர் போடாத அந்தக் கையெழுத்தே எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். உரத்த மேடைப் பேச்சும், பத்திரிகைகளை இழித்துரைப்பதும், 'உண்மையான மக்கள்' தம் பக்கமே என்ற உரிமைகோரலும் வெகுஜனவாதத் தலைவர்கள் பலரிடம் உண்டு. லூசியானா ஆளுநராக இருந்த ஹியூ லாங்கும் அலபாமா ஆளுநராக இருந்த ஜார்ஜ் வாலஸும் அந்நாட்டிலேயே தோன்றிய அத்தகையவர்கள். இவற்றை மட்டும் வைத்துப் பாசிசம் என்று தீர்ப்புச் சொல்வதை நானும் ஏற்கமாட்டேன். டிரம்ப்பின் இயக்கத்தில் கட்சிக் கட்டளைக்கு உட்பட்ட, நாடளாவிய சீருடைப் படை இல்லை. பாசிஸ்டுகள் தேர்தலை வெளிப்படையாகவே இகழ்ந்தார்கள்; இவரோ 2016-இலும் 2024-இலும் வாக்குகளால் ஆட்சிக்கு வந்தார். 1946-இல் அர்ஜென்டினாவில் பெரோன் தேர்தலில் வென்றது முதல் நாம் காணும் வெகுஜனவாத மரபில் வைத்தே இந்த இயக்கத்தின் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆயினும் 2021 ஜனவரி 6 அந்த மரபுக்குள் அடங்கவில்லை. 2020 தேர்தலில் தோற்ற டிரம்ப், பல்வேறு நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் தோல்வி கண்டபின், ஜார்ஜியா மாநிலத் தேர்தல் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் 'கண்டுபிடிக்க' வேண்டினார். சில நாட்களில் அவருடைய ஆதரவாளர்கள், வாக்குகளை எண்ணி உறுதிசெய்துகொண்டிருந்த நாடாளுமன்றத்துக்குள் வன்முறையோடு நுழைந்தார்கள். பாசிசத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ராபர்ட் பேக்ஸ்டன், அதுவரை டிரம்ப்புக்கு அப்பெயரைச் சூட்டத் தயங்கியவர், அந்நிகழ்வுக்குப் பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரைப் போல முழுவதும் நான் போகவில்லை. ஆனால் அன்று ஓர் எல்லை மீறப்பட்டது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அன்று இத்தாலிய மன்னர் தவறிய இடத்தில் அமெரிக்காவில் பலர் உறுதியாக நின்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். துணை அதிபர் மைக் பென்ஸ் முடிவுகளை நிராகரிக்க மறுத்தார். டிரம்ப் நியமித்த நீதிபதிகளே அவர் தரப்பைத் தள்ளுபடி செய்தார்கள். என்னை வாட்டுவது அதன் பிறகு நடந்தது. ஜனவரி 6 நிகழ்வுக்காக டிரம்ப் மீது கொண்டுவரப்பட்ட பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த, அவருடைய குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் பத்துப் பேரில், 2022 தேர்தலுக்குப் பிறகு எஞ்சியவர்கள் இருவரே. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்கினார். முசோலினியும் பதவிக்கு வந்த சில வாரங்களில், 1922 டிசம்பரில், 'தேசிய நோக்கத்துக்காக' இழைக்கப்பட்ட குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். ஒன்றரை ஆண்டு கழித்து, தேர்தல் முறைகேடுகளை அவையில் எடுத்துரைத்த சோசலிச உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலும் அதுவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தம் பெயரால் செய்யப்படும் வன்முறைக்குத் தண்டனை இல்லை என்று ஓர் அரசு அறிவிப்பது, அடுத்து வருபவனுக்கு என்ன சொல்கிறது என்பதே என் கவலை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது: வெகுஜனவாதமாகப் பிறந்து, தோல்வியை ஏற்க மறுத்த தருணத்தில் பாசிசத்தின் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டு, அதை இன்னும் கைவிடாத இயக்கம். 2021 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் செனட் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானெல், ஜனவரி 6 அன்று நடந்ததற்கு டிரம்ப் நடைமுறையிலும் தார்மிகத்திலும் பொறுப்பாளி என்று பேசினாலும், பதவிநீக்க விசாரணையில் அவரை விடுவிக்கவே வாக்களித்தார். ஜியோலிட்டியின் கணக்கும் இதுவும் ஒன்றுதானா, வேறா என்று உங்கள் அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்