சம்பளச்சீட்டு விளங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத் தொழிலாளருக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். 2021இல் 1,000 ரூபாவாக இருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. ஆனால் கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் மாதத்தில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. சேமலாப நிதிக்கு 8 சதவீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து மிஞ்சுவது கடைக் கொப்பியில் உள்ள கடனை அடைக்கவே சரி. மாவையும் பருப்பையும் கடனுக்கு வாங்குகிறவர் விலை பார்த்து வேறு கடைக்குப் போக முடியாது. அதற்குள்ளும் எங்கள் பெண்கள் சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கா சிக்கனம் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

எது எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று தமிழில் விளக்கமாக எழுதிய சம்பளச்சீட்டு கொடுங்கள். முற்பணத்தையும் சிறு சிறு தவணைகளாகக் கழியுங்கள். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இதை உடனே கவனிக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்