பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பட்டி கிலோ 400 ரூபாயைத் தாண்டிவிட்டது, இனி அது வசதிக்காரர்கள் பண்டம்தான் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தார். சாயல்குடி, நரிப்பையூர், கடலாடிப் பக்கத்து விடிலிகளில் (பதநீர் காய்ச்சும் குடிசைகளில்) அடுப்பு எரிவதை வருடா வருடம் பார்க்கிறவர்களுக்கு உள்ள கவலை வேறு. அதே பெயரில் ஒரு சரக்கு 200 ரூபாய்க்கும் கிடைக்கிறதே, அது எப்படி?

கணக்குப் போட்டால் விஷயம் தெரியும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பதநீரைச் சாலையோரம் டம்ளர் 20 ரூபாய்க்கு விற்பதாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு நான்கு டம்ளர் என்றால் பத்து லிட்டருக்கு 800 ரூபாய். விறகு வேண்டாம், புகையில் கண் எரிய வேண்டாம். அதை விட்டுவிட்டு அரை நாள் அடுப்படியில் வெந்து 200 ரூபாய்க்கு யார் கொடுப்பார்? வைத்திருந்தால் பதநீர் கெட்டுவிடும், எல்லாவற்றையும் குடிக்க ஆளும் இல்லை என்பதால்தான் காய்ச்சவே செய்கிறார்கள்.

பதநீர் இறக்க, பனம்பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திக் கட்டி, அதன் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறியாக வேண்டும். ஏறுகிறவர் காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த மரத்தின் வருமானம் போச்சு.

பதநீர் சொட்டும் கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பில்தான் பாதித் தொழில் இருக்கிறது. குறைந்தால் புளித்துக் கள்ளாகும். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் அது வழக்கிலும் கொண்டுபோய் விடும். கூடினால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரமாக உறைக்கும். லேசாகப் புளித்த பதநீரைக் காய்ச்சினால் எவ்வளவு விறகு வைத்தாலும் உறையாது. புளிப்பு ஏறும்போது அதிலுள்ள சர்க்கரை உடைந்து வேறு வகையாக மாறிவிடுகிறது. அது கட்டி பிடிக்காமல் பாகாகவே நிற்கும். சீனி மூட்டை விடிலிக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். எடை கூட்ட மட்டும் சீனி கலப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உறையாத பாகை உறைய வைக்கவும் அதுதான் குறுக்குவழி. கிலோ 45 ரூபாய்ச் சீனி, கருப்பட்டி விலைக்குப் போகிறது என்பது கூடுதல் லாபம்.

ஒழுங்காகக் காய்ச்சுகிறவர்கள் பதநீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டு வடித்துத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க இரண்டு ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது உண்டு. பாகு கெட்டிப்பட்டதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டையாகத் திரண்டால் பதம். இறக்கித் துடுப்பால் கிண்டி, நனைத்த சிரட்டையில் ஊற்றுவார்கள். பதத்துக்கு முன்னால் இறக்கினால் கொழகொழவென்று நிற்கும், தாண்டினால் தீய்ந்த கசப்பு. இதற்கு நடுவே இருப்பது சில நிமிடங்கள்தான். பெரும்பாலும் அந்த நிமிடங்களைப் பிடிப்பது பெண்களின் கண்; விலை பேசும்போது அந்தக் கூலி யார் கணக்கிலும் வருவதில்லை.

வாங்குகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் போட்டுப் பார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நல்லதும் கரையும், கலப்படமும் கரையும். அதை நம்ப வேண்டாம். உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கிய பழுப்பாக, பளபளப்பில்லாமல் இருந்தால் நல்லது. வெயிலில் காட்டும்போது சீனிப்பரல்போல் மின்னினால் வைத்துவிட்டு வாருங்கள். கடலோரத்துச் சரக்கில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்புக் கரிப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நல்ல கருப்பட்டி கசியும், பிசுபிசுக்கும். "மழையிலும் கல்லு மாதிரி நிற்குது பாருங்க" என்று கடைக்காரர் பெருமை பேசினால் சந்தேகப்பட வேண்டியது அங்கேதான். கரைத்து வடிகட்டும்போது கொஞ்சம் மண்ணும் சுண்ணாம்பும் தங்குவது குறையல்ல. வடிகட்டாமல் பணியாரத்தில் ஊற்றுவதுதான் குறை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எங்கள் ஊர் வியாபாரிகளே சொல்கிறார்கள். தப்பு. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ஊர்ப்பெருமைக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் அந்தக் குறியீடு உண்டு. நல்லதுதான். ஆனால் சீனி கலந்ததும் கலக்காததும் ஒரே தராசில், ஒரே பெயரில் நிற்கிறவரை எந்தக் குறியீடும் பனை ஏறுகிறவருக்குப் பத்து ரூபாய் கூட்டித் தராது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மரம் நிற்கிறது, ஏறத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

சீனி கலந்ததை விற்கவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. சில்லறையில் விற்றாலும் 'சீனி கலந்தது' என்று எழுதி வைத்து, அதற்குரிய விலையில் விற்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் தீபாவளி நேரத்தில் கடைகளில் மாதிரி எடுப்பதோடு நிறுத்தாமல், பங்குனியிலிருந்து ஆடிவரை விடிலி எரியும் காலத்திலேயே வந்து பார்க்கட்டும்.

வாசகர்களும் பண்டிகைக்கு முந்தின வாரம் தேடாமல், வைகாசி, ஆனியில் வரத்து மிகுந்திருக்கும்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கலாம். ஈரக் கை மட்டும் அதில் படக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாயல்குடி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.