சாதா, அர்ஜென்ட், லைட்னிங்

பாளையங்கோட்டை

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். உட்கார்ந்து எழுத முடியவில்லை என்று சொன்னால் நம்புவாயா? நிஜமாகவே அதுதான் காரணம். நாற்காலியில் அரை மணிக்கு மேல் இருந்தால் தொடை மரத்துவிடுகிறது. எழுந்து கூடத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு வந்தால் என்ன எழுத வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. இதுவும் துண்டு துண்டாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

உறையூர் வீட்டை விற்றுவிட்டு ஸ்ரீரங்கத்தில் பிளாட்டுக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தாய். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் சொல்லு. முன்பென்றால் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்டிருப்பேன். அக்காவுக்கும் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், என் அனுபவத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஒளிக்காமலே எழுதுகிறேன். அக்காவுக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் பாடு.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் காலையே வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மாப்பிள்ளை அதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார், வந்தது வினை. அன்றோடு எனக்குக் குணமாகிவிட்டது என்று இரண்டு பக்கச் சொந்தமும் தீர்மானம் செய்துவிட்டது. அப்புறம் யாரிடம் வலிக்கிறது என்று சொன்னாலும், “நீதான் மறுநாளே நடந்துட்டியே” என்ற பதில்தான். மறுநாள் நடக்க வைப்பது ரத்தம் கட்டாமல் இருக்கவும், நெஞ்சில் சளி சேராமல் இருக்கவும். நடப்பது வேறு, குணமாவது வேறு. விலக்கி வெட்டித் தைத்த சதை பழைய பலத்துக்கு வர மாதக்கணக்காகும், ஒரு வருடம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டே இருக்கும் என்று டாக்டரே சொன்னார். அந்தப் பேச்சை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாயே. ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்காக அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தேன் அல்லவா, அதில் தொடை எலும்பின் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போயிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் எனக்கு வலித்தது முழங்கால். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் வலி முழங்காலில் காட்டுமாம். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்குப் பட்டை, முழங்காலுக்குத் தைலம் என்று ஒரு வருடம் போயிற்று. அப்புறம் ஒரு டாக்டர் என்னைப் படுக்க வைத்து, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். கவட்டியில் உயிர் போகிற மாதிரி வலித்தது. உடனே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா காரியம் இத்தனை தூரம் சுற்றாமல் தெரிந்ததே, அதுவரை நல்லது.

வயதைப் பார்த்து, புது மூட்டை எலும்போடு சிமென்ட் வைத்துப் பொருத்தலாம் என்றார்கள். டால்மியாபுரம் சிமென்டா என்று கேட்டேன். சர்ஜன் சிரிக்கவில்லை, மயக்க மருந்து டாக்டர்தான் சிரித்தார்.

இனி வலிக்கு வருகிறேன். நீயும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற ட்ரங்க் போர்டில் உட்கார்ந்த நாட்கள் இப்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகின்றன. ஆர்டினரி கால் புக் பண்ணினவர், லைன் கிடைக்கிறபோது கிடைக்கட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருப்பார். அர்ஜென்ட் என்றால் இரண்டு மடங்கு காசு, அந்தச் சீட்டை முன்னால் தள்ளுவோம். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு, மற்றதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு லைன் கொடுத்தாக வேண்டும். வலியையும் நான் இந்த மூன்றாகத்தான் பிரித்து வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பயந்து செத்திருப்பேன், அல்லது எதற்கும் பயப்படாமல் நிஜமாகவே செத்திருப்பேன்.

சாதா வலி என்றால், காலையில் எழுந்ததும் முதல் பத்தடிக்கு இடுப்பு முரண்டு பண்ணுவது, பயிற்சி செய்த அன்று தொடை கனப்பது, தையல் போட்ட இடத்தைச் சுற்றி மரத்துக் கிடந்துவிட்டுத் திடீரென்று சுருக்கென்பது, பொழுது சாயும்போது இரண்டு கணுக்காலும் லேசாக வீங்குவது. இதெல்லாம் காத்திருக்கும். துண்டில் சுற்றிய ஐஸ், தலையணை மேல் கால், நேரத்துக்கு மாத்திரை, அவ்வளவுதான். பயிற்சி செய்து மறுநாளும் குறையாத வலி, நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க விடாத வலி, இவை அர்ஜென்ட். அன்றே பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் செய்துவிடுவேன். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சுடுவது, காயத்தில் கசிவு, குளிர்க்காய்ச்சல், சட்டென்று கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போவது, இதெல்லாம் லைட்னிங். அதிலும் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ போன் பண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

எனக்கு லைட்னிங்கும் வந்தது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறி, நான் கொஞ்சம் பெருமையாகத் திரிந்துகொண்டிருந்த சமயம். ஒரு காலை கெண்டைக்கால் இறுகிப்போய், தொட்டால் கொதித்தது. ராத்திரி பிடித்துக்கொண்டிருக்கும், உருவிவிட்டால் சரியாகும் என்று நாத்தனார் தைலப் புட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் கெண்டைக்கால் வீக்கம் பற்றி எழுதியிருந்தது இவருக்கு ஞாபகம் இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருப்பது தெரிந்தது. உருவியிருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போயிருக்கலாமாம். இத்தனைக்கும் ரத்தம் உறையாமல் இருக்க ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்துக்கொண்டாலும் சிலருக்கு வரும் என்கிறார்கள். அக்காவுக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான் என்றால்கூட, தைலக்காரர்கள் யாரையும் காலைத் தொட விடாதே என்று சொல்லு.

அதற்கப்புறம் வந்ததுதான் கஷ்டகாலம். ரத்தத்தை இளக்குகிற மருந்து மூன்று மாதத்துக்கு. அது உள்ளே போகிறவரை வழக்கமான வலி மாத்திரைகளைச் சாப்பிடக்கூடாது, வயிற்றில் ரத்தம் கசியும் என்று நிறுத்திவிட்டார்கள். பாக்கி இருந்தது பாராசிட்டமால். டிரமடால் என்று ஒன்றையும் சில நாள் கொடுத்தார்கள். அது வலியைக் குறைத்தது, தலையைச் சுற்றியது, வயிற்றைக் கட்டியது. விசாலம், வயிறு கட்டிக்கொண்டு உயரம் கூட்டிய டாய்லெட் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி உனக்கு எழுதலாம், ஆனால் உன் பேத்தி கடிதத்தைப் படித்துவிடுவாள். வாழைப்பழம், கீரை, நிறையத் தண்ணீர், அத்தோடு டாக்டர் எழுதின மருந்து. வெட்கப்படாமல் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லு.

பாராசிட்டமாலை வைத்துக்கொண்டே ஓட்ட முடியும் என்று காட்டிக் கொடுத்தவள் அந்தப் பிசியோ பெண்தான். வலி உச்சிக்குப் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து அப்புறம் மாத்திரை போடுவதில் ஒரு வீரமும் இல்லை என்பாள். டாக்டர் சொன்ன அளவுக்குள், கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும், ஒரு வேளையைப் பயிற்சிக்கு முக்கால் மணி முந்தி வைத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்த வாரத்திலிருந்து வித்தியாசம் தெரிந்தது. நம் தலைமுறைக்கு மாத்திரை போடாமல் தாங்குவதில் ஒரு பெருமை. எனக்கு அது போய்விட்டது, போனதில் வருத்தமும் இல்லை.

ஆனால் அழுதேன். வலிக்காக இல்லை. பரணில் ஏற்றி வைத்திருந்த வாக்கரை இவர் ஒன்றும் பேசாமல் இறக்கித் துடைத்து என் கட்டில் பக்கத்தில் வைத்தார் பார், அப்போதுதான். மறுநாள் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, “பாசிட்டிவா இரும்மா” என்றாள். போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. எதிர்வீட்டு டீச்சர் அம்மா வந்தாள், என்ன ஏது என்று கேட்கவில்லை, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே தெருக்கதை எல்லாம் பேசிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி தூங்கினேன். பார்க்க வருகிறவர்கள் இப்படி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தூக்கம் வராத ராத்திரிகளில் போனை நோண்டி இந்த மூட்டின் சரித்திரத்தையே படித்துவிட்டேன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்று ஒரு சர்ஜன். 1950களின் கடைசியில், மூட்டில் பந்து உட்கார்ந்து சுழல்கிற கிண்ணத்துக்கு டெஃப்லான் வைத்துச் செய்து பார்த்திருக்கிறார், நம் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். நோயாளிகள் ஜோராக நடந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது தேய்ந்து, அந்தத் தூள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் கெடுத்து, மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. மனிதர் என்ன செய்தார் தெரியுமா, அந்த டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார். 1962இல் வேறொரு கெட்டியான பிளாஸ்டிக்குக்கு, பாலிஎத்திலீனுக்கு, மாறினார். அந்த வம்சத்துக் கிண்ணம்தான் இன்றைக்கு என் இடுப்பிலும் இருக்கிறது. சார்ன்லியைவிட அந்த டெஃப்லான்காரர்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். நன்றாக நடந்துகொண்டிருந்துவிட்டு மறுபடி வலி வந்தபோது, அவர்களிடமும் யாராவது “நீதான் மறுநாளே நடந்துட்டியே” என்று சொல்லியிருப்பார்கள்.

உறைகட்டி கரைந்து திரும்பத் தடிக்கு வந்த பிறகு இன்னொன்று பிடித்துக்கொண்டது. காரில் ஏறக் காலைத் தூக்கினால், கட்டிலில் கால் ஏற்றினால், கவட்டியில் ஓர் இழுப்பு. மூட்டு கழன்றுவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். எக்ஸ்ரேயில் எல்லாம் வைத்தது வைத்தபடி. மூட்டுக்கு முன்னால் ஓடுகிற தசைநார் எரிச்சலாகியிருக்கிறது, காலை நேரே தூக்குகிற பயிற்சியை நிறுத்து, மற்றதைச் செய் என்றார்கள். இது அர்ஜென்ட் வகைதான், லைட்னிங் இல்லை. இன்னும் முழுக்கப் போகவில்லை. பாதிக்குக் குறைந்திருக்கிறது. ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்ட மாதிரியும் முதலில் தோன்றியது. அளந்து பார்த்தால் சமம். தசைகள் இளகினால் பெரும்பாலோருக்கு அந்த உணர்வு போய்விடுமாம். எனக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய இழப்பு தரை. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, சப்பணம் போட்டுப் பூத்தொடுப்பது, பேரனோடு பல்லாங்குழி, எதுவும் இல்லை. என் டாக்டர் எப்போதைக்குமே தரை வேண்டாம் என்கிறார். அவர் எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தார். அதனால் முதல் மூன்று மாதம் முழங்கால் இடுப்புக்கு மேலே வரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது, ஒருக்களித்தால் தொடைகளுக்கு நடுவே தலையணை. அக்காவுக்கு எந்தப் பக்கமாகச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள், கட்டுப்பாடு அதைப் பொறுத்து மாறும். பல்லாங்குழியை டைனிங் டேபிளில் வைத்து விளையாடுகிறோம். சோழி கீழே விழுந்தால் பேரன்தான் எடுக்க வேண்டும், அவன் எடுக்கிறபோதே இரண்டை ஒளித்துவிடுகிறான்.

அக்காவுக்கு இன்னும் கொஞ்சம். தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில். கூடத்து மிதியடிகளையெல்லாம் இப்போதே சுருட்டி வைத்துவிடு. சமையலறையில் கீழ்த்தட்டுச் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடு. இங்கே இவர் ஏற்றினார். எதை எங்கே வைத்தார் என்பது அவருக்கே தெரியாததால் பெருங்காயம் இன்றுவரை கிடைக்கவில்லை. பெருங்காயமில்லாத ரசத்துக்குப் பழகிவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று அக்கா கேட்டால், நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். செய்துகொள்ளத்தான் சொல்வேன். மூட்டுக்குள் இருந்து ராத்திரியெல்லாம் அரித்த அந்தப் பழைய வலி ஆபரேஷன் ஆன அன்றே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. இப்போது இருப்பதெல்லாம் வேறு வலி. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வலி.

டாய்லெட்டுக்கு உயரம் கூட்டுகிற சீட்டைப் புதிதாக வாங்கிவிடாதே. எனக்கு இனி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை திருச்சி வழியாகத்தான் காரில் போகிறார், கொடுத்தனுப்புகிறேன். புது வீட்டு விலாசத்தைச் சரியாக எழுது. போன கடிதத்தில் பிளாட் நம்பரே இல்லை.

அன்புடன்,
ராஜி