லேத்தில் கைபழகாமல் தொழில் வராது

ஆசிரியருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு சி.என்.சி. எனும் கணினிவழி இயங்கும் இயந்திரங்கள் வருவது மகிழ்ச்சியே. ஆனால் கையால் இயக்கும் சாதாரண லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கைபழகாத இளைஞர்கள் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளுக்கு வந்ததும் திணறுவது வருத்தமளிக்கிறது.

உதாரணமாக, காடி வெட்டும் ஸ்லாட்டிங் மெஷின் இல்லாத பட்டறையிலும் லேத்திலேயே புல்லியின் (பட்டை ஓடும் சக்கரத்தின்) துளைக்குள் கீவே, அதாவது அதைத் தண்டுடன் பிணைக்கும் சாவி அமரும் காடி, வெட்ட முடியும்: மின்சாரத்தை நிறுத்தி, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் சுழலாதபடி பூட்டி, டூலைப் (வெட்டும் உளியைப்) பக்கவாட்டில் பொருத்தி, அதைத் தாங்கி நகரும் கேரியேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் செதுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான்; ஆயினும் டூல் எப்போது திணறுகிறது என்பதைக் கை அறிந்துகொள்வது இத்தகைய வேலையில்தான்.

டூலைத் தாமே சாணை பிடிப்பதற்கும் இதுபோன்ற மாற்றுவழிகளுக்கும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் ஒதுக்குமாறு பயிற்சித் துறையை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

– டர்னர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை