கழற்றவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக டிவி, இன்வெர்ட்டர், எல்இடி பல்பு என்று கைக்கு வருவதை எல்லாம் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களும் படிக்கவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். சர்க்யூட் போர்டில் இருந்து ஒரு சின்ன பார்ட்டைச் சேதமில்லாமல் கழற்றப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் (ஈயம் ஓடி ஒட்ட உதவுகிற பசை), பற்றவைக்கிற ஈயக்கம்பி, ஒரு ட்வீசர், இவ்வளவு போதும். இது தெரியாததால் நல்ல போர்டு எல்லாம் காயலான் கடைக்குப் போகிறது, பார்க்கவே வயிறு எரிகிறது.

போன மாதம் ஒரு அக்கா டிவி போர்டைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சர்வீஸுக்கு வந்தவர் போர்டு போய்விட்டது, மாற்ற 5,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.3 வோல்ட் லைன் ஷார்ட், அதாவது கரண்ட் போகவேண்டிய வழியை விட்டுக் குறுக்கே ஓடுகிறது. சரி என்று அந்த லைனுக்கு வெளியிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் கொடுத்து, போர்டு மேல் ஐபிஏ என்கிற, சீக்கிரம் ஆவியாகிற ஸ்பிரிட்டைத் தடவினேன். சுற்றிலும் ஈரம் அப்படியே இருக்க, ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் சட்டென்று உலர்ந்துவிட்டது. ஷார்ட் ஆன பார்ட்தான் சூடாகும், அதனால் அதுதான் குற்றவாளி. இரண்டு மில்லிமீட்டர் நீளம், ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலம், தொழிலில் 0805 என்போம். இந்த செராமிக் கெப்பாசிட்டர்கள் போர்டு லேசாக வளைந்தாலே உள்ளுக்குள் விரிசல் விடும், விரிசல் விட்டால் பல சமயம் ஷார்ட்தான். ஒன்றிரண்டு ரூபாய் பொருள். அந்தக் கடுகளவு பார்ட்டைக் கழற்றி, பழைய போர்டில் இருந்து எடுத்த இன்னொன்றைப் போட்டதும் டிவி ஓடியது.

இதே வேலையை என்னிடம் பழக வருகிற பையன்களிடம் கொடுத்தால் முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். அயர்னை ஒரு முனையில் வைப்பது, ட்வீசரால் அந்தப் பக்கத்தைத் தூக்குவது. மறுமுனை இறுகிப் போய் இருக்கும். அப்புறம் அடுத்த முனைக்குப் போனால் முதல் முனை இறுகிவிடும். பொறுமை போய் ஒரு இழு இழுத்தால் பார்ட்டோடு சேர்ந்து அடியில் இருக்கிற செப்புத் தகடும் பெயர்ந்து வந்துவிடும். தகட்டை போர்டோடு பிடித்து வைத்திருக்கிற பசை சூட்டில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இழுப்பதற்கு அதிக பலமே வேண்டாம். டிப்ளமோ முடித்த பையன்களும் இப்படித்தான் செய்கிறார்கள். புது பார்ட்டைப் பற்றவைக்கச் சொன்னால் ஓரளவு அழகாகவே பற்றவைக்கிறார்கள், கழற்றுவது மட்டும் எங்கேயும் பழக்கமில்லை.

செய்யவேண்டியது என்னவென்றால், கழற்றப்போகிற இடத்தில் முதலில் இன்னும் ஈயம் வைக்கவேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் எலக்ட்ரானிக்ஸ் பொருட்களில் காரீயத்துக்குத் தடை வந்த பிறகு டிவி, செட்டாப் பாக்ஸ் போர்டுகளில் காரீயம் இல்லாத கலவைதான் அதிகம். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையில் வாங்குகிற 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183-லேயே இளக ஆரம்பித்து 190-க்குள் முழுதாக உருகிவிடும். பழையதோடு இதைக் கலந்தால் எல்லாமே குறைந்த சூட்டில் உருகும், கொஞ்ச நேரம் இறுகாமலும் நிற்கும். முதலில் ஃப்ளக்ஸ் தடவி, இரண்டு முனையிலும் ஈயத்தைத் தாராளமாக வையுங்கள், இரண்டு குமிழும் பார்ட்டின் மேல் ஏறி ஒன்றாகச் சேர்கிற வரை. மங்கலாகச் சாம்பல் பூத்திருந்த பற்று பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகும், அதுதான் கலந்துவிட்டதற்கு அடையாளம். இப்போது அயர்னின் அகலமான பிட்டை, அதாவது நுனியை, அந்தக் குமிழ் மேல் வைத்து லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தால், மூன்று நான்கு வினாடியில் பார்ட் மிதக்க ஆரம்பிக்கும். தூக்க வேண்டாம், ஓரமாகத் தள்ளினாலே பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கையில் இரண்டு அயர்ன் இருந்தால் இன்னும் எளிது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து இடுக்கி மாதிரி எடுத்துவிடலாம்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துத் துணியால் ஒரு சுற்று சுற்றுவார், உட்புறம் முழுக்க வெள்ளி மாதிரி ஓடிப் பரவும். நவச்சாரம் போடாமல் எவ்வளவு சூடேற்றினாலும் ஈயம் உருண்டு உருண்டுதான் நிற்கும், ஒட்டாது. போர்டில் ஃப்ளக்ஸ் செய்கிற வேலையும் அதேதான், மேலே படிந்த ஆக்சைடை நீக்கி ஈயத்தை ஓடவைப்பது. அயர்ன் சரியில்லை, சூடு பத்தவில்லை என்று குறை சொல்கிற பாதிப் பேருக்கு உண்மையில் குறைவது ஃப்ளக்ஸ்தான். ஆனால் தகர வேலைக்கு விற்கிற அமிலப் பசையை போர்டில் தொடவே கூடாது, நாளடைவில் செம்பை அரித்துவிடும். பைன் மரப் பிசினில் செய்த ரோசின் ஃப்ளக்ஸ்தான் வேண்டும். மீதி ஈயத்தை வழித்தெடுக்கச் செப்புப் பின்னல் வாங்கக் காசில்லை என்றால், பழைய வயரில் இருக்கிற மெல்லிய செப்பு இழைகளை முறுக்கி ரோசினில் நனைத்து வைத்தால் நன்றாகவே உறிஞ்சும்.

எட்டுக் கால் ஐசி என்கிற சிப்புக்கும் வழி இருக்கிறது. தடிமனான செப்புக் கம்பியை இரண்டு பக்கக் கால்களையும் தொடுகிற மாதிரி வளைத்து வைத்து, மேலே ஈயத்தை நிரப்பிச் சூடாக்கினால் எல்லாக் காலும் ஒன்றாக விடும். ஐசி எப்படியும் செத்துவிட்டது என்றால் கால்களை ஒவ்வொன்றாகக் கூர்மையான கட்டரால் வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தனித்தனியாக எடுப்பதே போர்டுக்கு நல்லது. வெட்டுகிறபோது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். பிஸ்மத் கலந்த ஈயமும் கிடைக்கிறது, 138 டிகிரியிலேயே உருகும், கழற்றுவதற்கு அருமையான பொருள். ஒன்று மட்டும் கவனம், வேலை முடிந்ததும் அதை மிச்சம் வைக்காமல் துடைத்து எடுக்கவேண்டும். காரீயம் உள்ள சாதாரண ஈயத்தோடு அது கலந்தால் 96 டிகிரியிலேயே இளகுகிற பற்றாகிவிடும், சூடாகிற பார்ட் தானாகக் கழன்று விழும்.

25 வாட் அயர்னால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. அடிவயிற்றில் பற்று இருக்கிற சிப்புகளுக்குச் சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏர் மெஷின் கட்டாயம். கிரவுண்டோடு சேர்ந்த பெரிய செப்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே 60 வாட் வேண்டியிருக்கும். ஆனால் கடைக்கு வருகிற பழுதில் பெரும்பகுதி ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு இவைதான்.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதற்கென்று இணையதளமும் வந்தது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் சர்க்யூட் படமும் பார்ட்டும் தாராளமாகக் கிடைத்தாலும், கழற்றத் தெரிந்த கை இல்லாவிட்டால் அந்த அக்காவுக்கு மறுபடியும் 5,500 ரூபாய்தான். ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: புது போர்டில் பற்றவைக்கச் சொல்வதற்கு முன்னால், செத்த போர்டு ஒன்றைக் கொடுத்து ஐம்பது பார்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எத்தனை செப்புத் தகடு பெயர்ந்தது என்று எண்ணி மார்க் போடுங்கள். முதல் பத்தில் நாலைந்து பெயரும், முப்பதாவதுக்கு மேல் கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும், இதை என் கடையில் ஒவ்வொரு பையனிடமும் பார்த்திருக்கிறேன். காரீயம் விஷம், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது, ரோசின் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னல் பக்கமாக ஒரு ஃபேன் இருக்கவேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பவர் சப்ளை போர்டு என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அந்தச் சார்ஜை இறக்காமல் ஒரு பிள்ளையும் தொடக்கூடாது.

பழைய போர்டுக்கு எங்கே போவது என்று யாரும் யோசிக்க வேண்டாம். என் கடைப் பரணிலேயே இரண்டு சாக்கு கிடக்கிறது, எங்கள் பக்கத்துப் பள்ளி, கல்லூரி எது கேட்டாலும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்,
விருதுநகர் மாவட்டம்.